மாடி வீட்டின் நான்கு தரைகள்

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். வாசல் கேட்டைத் திறந்துகொண்டு ஒரு கணவனும் மனைவியும் உள்ளே வந்தார்கள். சர்வேயர் அப்போது மோட்டார் அறைப் பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருடம் ஊரார் நிலத்தையெல்லாம் சங்கிலி பிடித்து அளந்துவிட்டு ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் பெயர் போகவில்லை. தெருவில் யாரைக் கேட்டாலும் சர்வேயர் வீடு என்றுதான் கை காட்டுவார்கள். கீழ் வீட்டில் அவரும் மனைவியும் இருந்தார்கள். மாடி வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார்.

"யாரு வேணும்?"

"மாடில ஃப்ளோர் பாக்க வந்தோம் சார்."

"மாடி ஃப்ளோர் காலியில்லையே. ஆள் இருக்காங்க."

"இருக்கட்டும் சார். அவங்கதான் வரச் சொன்னாங்க. பத்து நிமிஷத்துல பாத்துட்டுப் போயிடுவோம்."

சர்வேயருக்குச் சந்தேகம் வந்தது. குடியிருக்கிறவன் தனக்குத் தெரியாமல் உள்வாடகைக்கு ஆள் பிடிக்கிறானா? எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பை நிமிர்த்தினார்.

"வீடு வேணும்னா என்கிட்டல்ல கேக்கணும்? நான்தான் வீட்டுக்காரன்."

"எங்களுக்குச் சொந்த வீடு இருக்குங்க," என்றாள் அந்தப் பெண். "நாங்க கால் வைக்கிற தரையைத்தான் சொல்றோம். ஹால்ல மரப்பலகை மாதிரி போட்டிருக்காராமே. கடையில ஒரு முழத் துண்டுதான் வச்சிருக்காங்க. வீட்டுல போட்டதப் பாத்தாத்தான் புரியும்னு அந்தத் தம்பி சொன்னாரு."

மாடி ஹாலில் இருப்பது மொசைக் தரை. கல் தேர்ந்தெடுத்ததிலிருந்து மெஷின் வைத்துத் தேய்த்தது வரை பக்கத்திலேயே நின்று போட்டது. அதில் மரம் எங்கிருந்து வந்தது?

"வாங்க, நானும் வரேன்," என்றார்.

மூட்டு வலி வந்த பிறகு அவர் படி ஏறி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. வாடகை மாதம் பிறந்தால் தானாக வங்கிக்கு வந்துவிடும். மாடியில் இருந்தவர்களால் ஒரு சத்தம் கிடையாது, சண்டை கிடையாது. கணவன் ஒரு பெரிய ஷோரூமில் விற்பனையாளன். மனைவி வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். ஷோரூம் என்றால் என்ன விற்கிற ஷோரூம் என்று சர்வேயர் கேட்டுக்கொண்டதில்லை. சட்டை இன் பண்ணி டை கட்டிக்கொண்டு போகிற பையன், ஒழுங்கானவன் என்று நினைத்தார், அவ்வளவுதான்.

கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி மேலே போய்ச் சேர்ந்தபோது, வந்த இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நின்றிருந்தார்கள். கணக்கு டீச்சர் கதவருகில் நின்றாள். சர்வேயரைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"அங்கிள், நீங்களா? வாங்க."

அவர் வாசலிலேயே நின்றார். ஹால் முழுக்கத் தேன் நிறத்தில் பலகைகள், சுவரிலிருந்து சுவர் வரை. அவருடைய மொசைக்கில் ஒரு கல்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. வலது பக்கம் படுக்கையறையில் சாம்பல் நிறத்தில், பாறையைச் சீவி ஒட்டியது போல் ஒரு விரிப்பு. சமையலறையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம். சதுரங்கக் காயைக் கொண்டுவந்து வைத்தால் ஆட ஆரம்பித்துவிடலாம். பால்கனியில் பச்சைப் பசேலென்று புல். அதுவும் பிளாஸ்டிக்.

"இதெல்லாம் என்னம்மா?"

"சாம்பிள் அங்கிள். அவர் கடையில மிச்சம் விழுந்தது. தரை விக்கிற கடைதானே."

வந்த பெண் ஹாலின் குறுக்கே நாலு நடை நடந்து பார்த்தாள். "நல்லா மெத்துனு இருக்குங்க," என்றாள் கணவனிடம். "சறுக்காதுல்ல?" என்று அவன் கேட்டது சர்வேயரை. வீட்டுக்காரர் என்பதால் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. அவர் படுக்கையறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவின் அடிப்பக்கம் புதிதாக வெளுத்திருந்தது. குனிய முடியாமல் குனிந்து, விரல் விட்டுத் தடவிப் பார்த்தார். தரை உயர்ந்துவிட்டதால் கதவு இடித்திருக்கிறது. இடித்த கதவை அடியில் முக்கால் அங்குலம் அறுத்திருக்கிறார்கள். மரக்கடை மரக்கடையாக அலைந்து, ஒரு வருடம் காயப்போட்டு, பார்த்துப் பார்த்துச் செய்த கதவு அது.

"கதவ அறுத்துட்டீங்களா?" என்றார். குரல் கீச்சென்று வந்தது.

"கொஞ்சம்தான் அங்கிள்."

பால்கனிக்குப் போய்ப் புல்லின் ஓரத்தைக் கால் கட்டைவிரலால் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் போகிற ஓட்டை அதற்கடியில் முழுதாக மூடிக் கிடந்தது. ஓரமெல்லாம் ஈரம் கோத்துப் பாசி. போன மழையில் கீழே அவர் படுக்கையறைச் சுவர் ஊறியது ஏன் என்று இப்போது விளங்கிவிட்டது. அந்த ஈரத்துக்காக பிளம்பரை இரண்டு தடவை கூப்பிட்டு, குழாய் உடைந்திருக்கும் என்று அவன் சொன்னதை நம்பி, குளியலறைச் சுவரை வேறு உடைத்துப் பார்த்திருந்தார்.

"உன் புருஷன் வந்ததும் கீழ வரச் சொல்லு," என்று மட்டும் சொன்னார். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் வாயில் கெட்ட வார்த்தை வந்துவிடும் என்று தோன்றியது. இறங்குகிறபோது பின்னால் அந்தப் பெண் கேட்பது காதில் விழுந்தது. "சாருக்கு இந்தத் தரை பிடிக்கலையா?"

கீழே மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் மூச்சு வாங்க நாற்காலியில் விழுந்தார்.

"மாடில என்ன நடந்திருக்கு தெரியுமா உனக்கு?"

"என்ன?"

"தரையப் பூரா மாத்திட்டான். ஹாலுக்கு ஒண்ணு, ரூமுக்கு ஒண்ணு, சமையல்கட்டுக்கு ஒண்ணு. என் கதவ அறுத்துட்டான்!"

"ஓ, அதுவா," என்றாள் அவள், போர்வையின் இரண்டு முனையைச் சேர்த்தபடி.

சர்வேயர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுவான்னா? உனக்குத் தெரியுமா?"

"பொண்ணு வீட்டுக்குப் போயிட்டுப் பதினஞ்சு நாள் கழிச்சு வந்தோமே, அந்த வாரமே தெரியும். துணி காயப்போட மேல போனேன். அந்தப் பொண்ணு உள்ள கூப்பிட்டுக் காட்டுச்சு."

"ஆறு மாசமா தெரிஞ்சு வச்சுக்கிட்டா வாயத் திறக்கல?"

"திறந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? அன்னிக்கே தாம்தூம்னு குதிச்சிருப்பீங்க. இந்த ஆறு மாசம் வீடு நிம்மதியா இருந்துச்சா இல்லையா?" போர்வையை அடுக்கில் வைத்தாள். "அப்புறம் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்த ஹால் தரை நல்லாத்தான் இருக்கு. கால் வச்சா சில்லுனு ஏற மாட்டேங்குது. நான் மேல போறப்பல்லாம் கொஞ்ச நேரம் நடந்துட்டுத்தான் வரேன்."

சொந்த வீட்டில், சொந்த மனைவியே கட்சி மாறிவிட்டால் மனுஷன் யாரிடம் போய் முறையிடுவது? சர்வேயர் பீரோவைத் திறந்து வாடகை ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவரே உட்கார்ந்து எழுதிய ஒப்பந்தம் அது. இருபத்தாறு நிபந்தனை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. சுவரில் காகிதம் ஒட்டக் கூடாது. வர்ணம் மாற்றக் கூடாது. ஜன்னல் கம்பியில் கயிறு கட்டக் கூடாது. மொட்டை மாடியில் உரல் இடிக்கக் கூடாது. உரல் எந்த வீட்டில் இருக்கிறது இப்போது? அதைக்கூட எழுதியிருந்தார். முதலிலிருந்து கடைசி வரை மூன்று தடவை படித்தார். தரை என்ற சொல் எங்கேயுமே இல்லை. தரையில் ஒருவன் கை வைப்பான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

சாயங்காலம் ஷோரூம் தம்பி வந்தான். டையைத் தளர்த்திவிட்டுப் பவ்யமாக நின்றான். உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தான். அந்தப் பவ்யம் சர்வேயருக்கு மேலும் எரிச்சல் மூட்டியது. கத்துவதற்கு எதிரே இருப்பவனும் கொஞ்சம் கத்த வேண்டும்.

"யாரைக் கேட்டுத் தம்பி தரைய மாத்தினீங்க?"

"உங்களைக் கேட்டுத்தான் சார்."

"என்னையா?"

"ஃபோன் பண்ணேனே சார். ஹால்ல நடுவுல விரிசல் விட்டிருக்கு, பெரிசாயிட்டே போகுதுன்னு அதுக்கு முன்னாடியே மூணு தடவை சொன்னேன். பாக்கலாம் பாக்கலாம்னீங்க. நாலாவது தடவை கூப்பிட்டப்ப, நானே ஏதாவது பண்ணிக்கட்டுமா சார்னு கேட்டேன். 'என்னமோ பண்ணிக்கப்பா, ஆள விடு'ன்னீங்க."

சர்வேயருக்கு ஞாபகம் வந்தது. வராமல் இருந்திருக்கலாம். கண் ஆஸ்பத்திரி வரிசையில், மருந்து விட்ட கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாள். போன் அடித்தது. எடுக்கத் தெரியாமல் தடவி எடுத்து, என்ன சொல்கிறான் என்று முழுதாகக் கேட்காமல் சொன்ன வார்த்தை.

"அதுக்கு அர்த்தம் கதவ அறுங்கன்னா? ஒரு விரிசலுக்கு நாலு தரையா?"

"விரிசலுக்கு ஹால் மட்டும்தான் சார். மத்ததெல்லாம் வீணா குடோன்ல கிடந்துச்சு. போட்டா வீடும் அழகாகும், ரெண்டு கஸ்டமருக்குக் காட்டவும் ஆச்சுன்னு…"

"என் வீடு என்ன உங்க கடைக்குக் கிளையா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆணி ஒண்ணுகூட அடிக்கல சார். ஒப்பந்தத்தப் படிச்சுப் பாத்துட்டுத்தான் செஞ்சேன்."

அந்த ஒரு வார்த்தையில் சர்வேயர் எழுந்தே விட்டார். "ரெண்டு வாரம். எனக்கு என் தரை வேணும். வீட்டை எப்படிக் கையில கொடுத்தேனோ அப்படியே இருக்கணும். கதவு உள்பட."

"சரிங்க சார்," என்றான் அவன். ஒரு மறுப்பு இல்லை, ஒரு கெஞ்சல் இல்லை. அவன் போன பிறகு மனைவி சமையலறையிலிருந்தே சொன்னாள். "நல்லா மாட்டிவிட்டீங்க அந்தப் புள்ளைய." யார் யாரை மாட்டிவிட்டது என்று அவருக்குப் புரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வேலை தொடங்கிவிட்டது. கடையிலிருந்து ஒரு தரை மேஸ்திரி வந்திருந்தான். ஷோரூம் தம்பியும் கைலியைக் கட்டிக்கொண்டு கூடவே உட்கார்ந்தான். சர்வேயர் மேற்பார்வைக்கு ஒரு நாற்காலியை மாடிக்குக் கொண்டுபோகச் சொல்லி, வாசலை ஒட்டிப் போட்டுக்கொண்டார்.

ஹால் பலகைகள் ஒன்றோடொன்று கொக்கி மாட்டியவை. ஓரக்கட்டையைப் பிடுங்கியதும் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. அவற்றைத் தம்பி எண் போட்டு அடுக்கினான். கடைசியாக அடியில் விரித்திருந்த நுரைத்தாளைச் சுருட்டினான்.

சர்வேயர் முன்னால் குனிந்தார்.

வடக்குச் சுவரிலிருந்து கிளம்பிய விரிசல் ஹாலின் நடுவே வளைந்து சமையலறை வாசல் வரை போயிருந்தது. இரண்டு விரல் அகலம். ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும், நடுவில் கல் பெயர்ந்து அடியிலிருந்த காரை தெரிந்தது. முன்னே குடியிருந்தவர்கள் ஒரு தடவை சொன்னபோது அவர் வந்து பார்த்தது மயிரிழை அளவு. வெயில் காலம் முடிந்ததும் பூசிவிடலாம் என்று சொல்லிவைத்தார். அதன் பிறகு எத்தனை வெயில் காலம் போயிற்று என்று எண்ண அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

கணக்கு டீச்சர் அறை வாசலில் நின்றுகொண்டு சொன்னாள். "இங்கதான் அங்கிள் என் நாற்காலி மாட்டுச்சு. சக்கர நாற்காலியில உக்காந்து பாடம் எடுத்துட்டிருந்தேன். போர்டப் பாக்கப் பின்னாடி தள்ளினேன், சக்கரம் இதுல இறங்கி மல்லாக்க விழுந்துட்டேன். நாப்பது பசங்க பாத்துட்டிருந்தாங்க. டீச்சர் எங்க, டீச்சர் எங்கன்னு ஒரே சத்தம். ஒரு வாரம் கழுத்த திருப்ப முடியல."

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"நாலு தடவை சொன்னாரே அங்கிள்."

சர்வேயர் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து விரிசலின் அகலத்தைப் பார்த்தார். பழக்க தோஷம். பார்த்த அளவை யாரிடமும் சொல்லவில்லை.

படுக்கையறை விரிப்பு லேசில் வரவில்லை. அடியில் தடவியிருந்த பசை மொசைக்கோடு ஒட்டி, உரித்த இடமெல்லாம் கறுப்புக் கறுப்பாகத் திட்டு நின்றது. மேஸ்திரி மருந்து தடவினான், சுரண்டினான். தேய்க்கத் தேய்க்கத் திட்டு பரவியது. சமையலறையிலும் அதே கதை. கதவுக்கு அறுத்த முக்கால் அங்குலத்தை ஈடு செய்ய, அதே அகலத்தில் ஒரு கட்டை வாங்கி வந்து அடியில் ஒட்டினார்கள். கதவு அடர்ந்த பழுப்பு. கட்டை வெளிர் மஞ்சள். மூடிப் பார்த்தால் ஓரிடத்தில் உரசிக்கொண்டு நின்றது.

மதியம் மனைவி மேலே வந்தாள். ஹாலை ஒரு சுற்று பார்த்தாள். விரிசலைத் தாண்டிக் கால் வைத்து அவரருகே வந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி கேட்டாள்.

"இதுக்கா இவ்வளவு ரகளை பண்ணீங்க?"

"அவன் கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும்."

"அவன் கேட்டான். நீங்கதான் காதுல வாங்கல." அதைச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

அந்த நேரத்தில், "போதும், விடு தம்பி, பழையபடி போட்டுக்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். தொண்டை வரை வந்தது. இத்தனை கத்திவிட்டு இப்போது எப்படிச் சொல்வது என்ற வீம்பு அதைப் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

மறுநாள் காலை தம்பி வந்து, ஒரு மாதத்தில் காலி செய்கிறோம் என்று சொன்னான். கோபம் இல்லை. கடைக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு கிடைத்திருக்கிறது என்றான். காலி செய்த அன்று சாவியைக் கொடுத்துவிட்டு, சர்வேயர் மனைவியிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டுப் போனாள் கணக்கு டீச்சர். அட்வான்ஸில் ஒரு காசு பிடிக்காமல் திருப்பிக் கொடுத்தார் சர்வேயர். அது அவருடைய சமாதானம். தம்பி எண்ணிக்கூடப் பார்க்காமல் வாங்கி வைத்துக்கொண்டான்.

வீடு காலியானால் என்ன, ஒரு வாரத்தில் ஆள் வரும் என்றிருந்தார். ஆள் வந்தது. வந்த ஆள் எல்லாம் தரையையே பார்த்தது. வங்கி வேலைக்காரர் ஒருவர் ஹாலில் நின்று, "இது தானா விட்டுச்சா, யாராவது வெட்டினாங்களா?" என்று கேட்டார். கைக்குழந்தையோடு வந்தவள் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. நர்ஸ் ஒருத்தி படுக்கையறைத் திட்டுகளைப் பார்த்துவிட்டு, இங்கே என்ன கொட்டினீர்கள் என்று கேட்டாள். பசை என்று சொன்னார். அவள் நம்பினதாகத் தெரியவில்லை. ஒரு புரோக்கர் சொன்னான், "சார், வீடு எல்லாம் சரி. தரைய மட்டும் பாக்காம இருக்கற மாதிரி ஆள் கிடைச்சா விட்டுடலாம்."

மூன்று மாதம் ஓடியது. நான்காம் மாதம் அவர் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினார். விரிசலில் சிமெண்ட் அடைத்தால் ஒரு வருடம் தாங்கும், அப்புறம் வாய் பிளக்கும் என்றான். மொசைக்கை உடைத்தெடுத்துப் புதிதாகப் போட்டால் நல்லது என்றான். அந்த மாதிரிக் கல்லே இப்போது கிடைப்பதில்லை என்று பிறகு சொன்னான்.

"கிளம்புங்க," என்றாள் மனைவி ஒரு புதன்கிழமை காலை. புடவை மாற்றிக்கொண்டு தயாராக நின்றாள்.

"எங்க?"

"தரை வாங்க."

எந்தக் கடைக்கு என்று அவர் கேட்கவில்லை. ஆட்டோ நின்றதும் தெரிந்துவிட்டது. கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, சுவர் முழுக்கத் துண்டு துண்டாகத் தரைகள். டையும் இன் பண்ணின சட்டையுமாக, கையைக் கட்டிக்கொண்டு அவன் எதிரே வந்தான்.

"வாங்க சார், வாங்கம்மா. உக்காருங்க. குடிக்கத் தண்ணி கொடுக்கச் சொல்றேன்." குரலில் ஒரு குத்தல் இல்லை. குத்தியிருந்தால் திரும்பிப் போயிருப்பார். "எந்த வீட்டுக்கு சார் பாக்கறீங்க?"

சர்வேயர் சுவரைப் பார்த்தார். மனைவிதான் சொன்னாள், "மாடிக்குத்தான்பா. அந்த வீட்டுக்குத்தான்."

அவன் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துத் தாளில் ஹாலின் நீள அகலத்தை எழுதினான். கேட்காமலே எழுதினான். எல்லா அளவும் அவன் மனதில் இருந்தது.

"அந்தத் தேன் கலர் பலகை இருக்கா?" என்று கேட்டார் சர்வேயர், தொண்டையைச் செருமிக்கொண்டு.

"அத இப்ப இருக்கற வீட்டுல போட்டுட்டேன் சார்."

"அந்த வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலையா?"

"முதல்லயே எழுதிக் கையெழுத்து வாங்கிட்டேன். ஒவ்வொரு ரூமுக்கும் தனித்தனியா. கதவுக்குத் தனியா." கொஞ்சம் தயங்கினான். "சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் அன்னிக்கு அவசரத்துல அந்த விரிசல அடைக்காம, மேடு பள்ளத்த சமன் பண்ணாம அப்படியே மேல போட்டுட்டேன். நடந்தா ரெண்டு இடத்துல கிர்ருன்னு சத்தம் வரும். என் பொண்டாட்டி தினமும் திட்டுவா. அது தப்பு. பசையும் அதுக்குப் போடற பசை இல்ல. பால்கனி ஓட்டைய நான் பாக்கவே இல்ல. உங்க கீழ ரூம் சுவர் ஊறினது அம்மா சொல்லித்தான் தெரியும்."

"நாலு தடவை கூப்பிட்டியே," என்றார் சர்வேயர். "ஒரு தடவை வந்து பாத்திருக்கணும் நான்."

"விடுங்க சார்."

"என்னத்த விடறது? மூணு மாசமா வீடு பூட்டிக் கிடக்கு."

தம்பி இப்போது சிரித்தான். "முதல்ல அடியில சமன் பண்ணணும் சார். அந்தக் காசுக்கு யோசிக்காதீங்க. மேல போடறது அப்புறம். வாடகை வீட்டுக்கு ரொம்ப விலையானது வேண்டாம், நான் தர மாட்டேன்."

மனைவி இதற்குள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோரம் விரித்திருந்த ஒவ்வொரு துண்டிலும் பாதத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றின் மேல் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு, "கீழ் வீட்டுக்கு இது," என்றாள்.

"கீழயுமா?" என்றார் சர்வேயர்.

அவள் காலை எடுக்கவில்லை. தம்பி தாளின் மறுபக்கத்தைத் திருப்பி எழுத ஆரம்பித்தான்.

வேலை பத்து நாள் என்றார்கள். பத்து நாளில் எந்த வேலை முடிந்திருக்கிறது? மேஸ்திரி வேறொரு இடத்துக்குப் போய்விட்டு வந்தான். சமன் பண்ணும் மாவு தீர்ந்து மறுபடி வர இரண்டு நாள் ஆயிற்று. சர்வேயர் தினமும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி நாற்காலியில் உட்கார்ந்தார். தம்பி கடை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் தினமும் எட்டிப் பார்த்தான். அது அவன் வேலையில் சேர்ந்ததில்லை. சர்வேயரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இரண்டு டம்ளர் காபி மேலே வர ஆரம்பித்தது.

பதிமூன்றாம் நாள் சாயங்காலம் தம்பி வந்தபோது ஹாலில் முக்கால்வாசி முடிந்திருந்தது. ஓரமாக நடந்தவன் ஓரிடத்தில் நின்றான். காலால் அழுத்தினான். மறுபடி அழுத்தினான். உட்கார்ந்து, கடைசி வரிசைப் பலகை இரண்டைக் கழற்றித் தூக்கினான். அடியில் காலையில் சுரண்டிய தூளும் கல்லும் பெருக்காமல் அப்படியே கிடந்தன. அதன் மேலேயே நுரைத்தாளை விரித்திருந்தார்கள்.

"ஏன்யா, பெருக்கிட்டுத்தானே போடணும்!" என்றான் தம்பி.

"காலையிலேயே சொன்னேன்ல, மூலையப் பெருக்குன்னு!" என்றார் சர்வேயர் நாற்காலியிலிருந்து எழுந்தே.

"அடியில கல்லு இருந்தா சத்தம் வராதா?"

"நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

"மொத்தமும் எடு. அந்த மூணு வரிசையையும் எடு."

"சுவர் ஓரத்துலயும் பாரு, அங்கயும் இருக்கும்!"

மேஸ்திரி முட்டி போட்ட நிலையிலேயே இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"எடுக்கறேன் சார், எடுக்கறேன். ஆனா ஒண்ணு சொல்லுங்க, இதுல வீட்டுக்காரர் யாரு? ஒருத்தர் திட்டினாப் போதும்."

சர்வேயர் மறுபடி உட்கார்ந்தார். தம்பி விளக்குமாற்றைத் தேடிக்கொண்டு சமையலறைக்குப் போனான். அன்றைக்கு எடுத்த மூன்று வரிசையை மறுபடி போட்டு முடிக்க இன்னும் இரண்டு நாள் ஆனது. அதற்கடுத்த வாரம் மாடிக்கு ஒரு குடும்பம் வந்தது. கீழ் வீட்டு ஹாலில் சாமான்களையெல்லாம் நடுவில் குவித்துப் போட்டுவிட்டு, சர்வேயரும் மனைவியும் ஒன்பது நாள் சமையலறையில் படுத்தார்கள்.